தூண்டிலும் துப்பாக்கியும்

கல்லிடைக்குறிச்சி என்ற பெயரைக் கேட்டவுடன் நமது நேயர்களில் பெரும்பாலோருக்கு அப்பளம்தான் ஞாபகத்துக்கு வரும். சங்கீத ரஸிகர்களாயிருந்தால், முத்துஸ்வாமி தீக்ஷிதர் ஆபோகி ராகத்தில் பாடி வைத்த லக்ஷ்மி வராகப் பெருமாள் ஞாபகத்துக்கு வருவார். பத்திரிகையை விடாமல் படிக்கிறவர்களுக்கு, 1982-ல் குலசேகரமுடையார் கோவிலிலிருந்து களவு போய், கடல் கடந்து ஆஸ்திரேலியாவில் ஒரு காட்சிசாலையில் நின்று, 2019-ல் ஊர் திரும்பிய நடராஜ மூர்த்தி நினைவுக்கு வரலாம். இப்பேர்ப்பட்ட ஊரின் பெயரைச் சொல்லிவிட்டு, வேட்டையைப் பற்றியும் மீன் பிடிப்பதைப் பற்றியும் எழுத உட்கார்ந்தால், "இதென்ன விபரீதம்! அக்கிரகாரத்தில் துப்பாக்கி வெடிக்கப் பார்க்கிறீர்களே!" என்று சில நேயர்கள் முகம் சுளிக்கக் கூடும்.

ஆனால் ஊரின் இருப்பிடத்தைச் சற்று யோசித்துப் பாருங்கள். வடக்கே தாமிரபரணி, நதிக்கு அக்கரையில் அம்பாசமுத்திரம். தெற்கிலும் மேற்கிலும் மலை. மேற்கே சில மைல் போனால் பாபநாசம். அதற்கு மேல் காடு, காட்டுக்கு மேல் பொதிகை. மணிமுத்தாறு மலையிலிருந்து இறங்கி இந்தப் பக்கத்தில்தான் தாமிரபரணியில் கலக்கிறது. கன்னடியன் கால்வாய் ஊரை ஒட்டி ஓடி வயல்களுக்குத் தண்ணீர் கொடுக்கிறது. மலையில் மிளாவும் கரடியும் சிறுத்தையும். ஆற்றில் கெண்டையும் விராலும். அப்பளம் இடுகிற வீட்டுக் கொல்லையிலிருந்து பார்த்தால் புலி வாழ்கிற மலை தெரியும். இப்படிப்பட்ட ஊர் தமிழ்நாட்டில் அதிகமில்லை. வேட்டையும் மீன் பிடித்தலும் இந்த ஊருக்கு அந்நியமான விஷயங்கள் அல்லவென்பது மட்டுமல்ல. அவை இரண்டும் சென்ற நூற்றைம்பது வருஷங்களில் யார் கையிலிருந்து யார் கைக்கு மாறின என்ற கதை இந்தப் பள்ளத்தாக்கின் கதையில் பாதி.

வேட்டையை முதலில் எடுத்துக் கொள்வோம்.

பாளையக்காரர்கள் காலத்தில் தென்பாண்டி நாட்டுக் குடியானவனிடம் வேலும் வாளும் வளரியும் இருந்தன. வளரி என்பது வளைந்த எறிகருவி. ஓடுகிற மானின் காலைப் பார்த்து வீசினால் மான் விழும். யுத்தத்தில் வீசினால் மனிதன் விழுவான். ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கும்பெனிப் படைத் தலைவர், வளரி வீசத் தமக்குக் கற்றுக் கொடுத்தவர் சின்ன மருதுவே என்று 1830-ல் வெளிவந்த தமது நினைவு நூலில் எழுதியிருக்கிறார். அந்தச் சின்ன மருதுவைத்தான் 1801-ஆம் வருஷம் அக்டோபரில் கும்பெனியார் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். வித்தை கற்றுக் கொண்டதற்கு இப்படியும் ஒரு குருதக்ஷிணை! அதே வருஷம் டிசம்பர் மாதம் முதல் தேதி கவர்னர் ஒரு பிரகடனம் வெளியிட்டார். கோட்டைகளை இடிக்க வேண்டியது. ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டியது. தென்னாட்டின் ஆயுத வித்தை அன்றோடு முடிந்தது என்றே சொல்லலாம். போர்க் கருவி போனபோது வேட்டைக் கருவியும் அதனோடு போயிற்று. இரண்டும் ஒன்றாகவே இருந்தபடியால் வேறு வழியில்லை.

மிச்சமிருந்ததை 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் பார்த்துக் கொண்டது. லைசென்ஸ் இல்லாமல் இந்தியன் துப்பாக்கி வைத்துக் கொள்ளக் கூடாது. துரைமார்களுக்கோ அந்த நிபந்தனையிலிருந்து விலக்கு. லிட்டன் பிரபு வைஸ்ராயாயிருந்த காலம் அது. தேசபாஷைப் பத்திரிகைகளின் வாயை அடைக்கும் சட்டம் பிறந்ததும் அதே 1878-ல்தான். ஒரே வருஷத்தில் பேனாவுக்கும் பூட்டு, துப்பாக்கிக்கும் பூட்டு! பேனாவின் பூட்டு நாலைந்து வருஷத்தில் கழன்றது. துப்பாக்கியின் பூட்டோ ஒரு தலைமுறைக்கு மேல் நீடித்தது. நிறத்தைப் பார்த்து விலக்களிக்கும் முறை முதல் உலக யுத்தத்துக்குப் பிறகுதான் மாறியது.

இதன் பலன் என்னவென்றால், மலையடிவாரத்துக் குடியானவன் தன் வயலில் காட்டுப் பன்றி புகுந்து பிசான நெல்லை மிதித்துத் துவைப்பதைப் பார்த்துக் கொண்டு தகரத்தைத் தட்டினான். அதே காட்டில் ஜில்லா அதிகாரி கூடாரம் அடித்து, பறை கொட்ட ஆள் வைத்து, பொழுது போக்குக்காக மிருகம் சுட்டார். சர்க்கார் காப்புக் காட்டில் சுள்ளி பொறுக்கினால் குற்றம். அனுமதிச் சீட்டு வாங்கிப் புலி சுட்டால் வீரம். நீலகிரியில் வேட்டை மிருகங்களையும் மீன்களையும் காப்பாற்றுவதற்கென்று 1879-லேயே தனிச் சட்டம் ஏற்பட்டது உண்மைதான். அங்கே யார் சுடுவதற்காக அவை காப்பாற்றப்பட்டன என்பதை நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம். ஆயினும் ஒன்று ஒப்புக் கொள்ள வேண்டும். அந்தச் சட்டம் இல்லாதிருந்தால் இன்று அந்த மலையில் வரையாடு என்ற பிராணி இருந்திருக்குமா என்பது சந்தேகமே. கெட்ட எண்ணத்தில் பிறந்த காரியம் நல்ல பலன் தருவதும் உலகத்தில் உண்டு.

நமது பக்கத்தில் சர்க்கார் காட்டைத் தவிர ஜமீன் காடும் இருந்தது. கல்லிடைக்குறிச்சிக்கு அருகிலுள்ள சிங்கம்பட்டியின் ஜமீன்தார்களுக்கு மலையுச்சி வரையில் சொந்தம். காரையாற்றுச் சொரிமுத்து ஐயனார் கோவிலில் ஆடி அமாவாசையன்று ஜமீன்தார் ராஜ உடையில் கொலுவிருந்த காட்சியைப் பார்த்தவர்கள் அதை மறக்கமாட்டார்கள். 1919-ல் சென்னையில் நடந்த டி லா ஹே கொலையைப் பற்றிய வழக்கில் அந்தக் குடும்பத்து இளைஞர் ஒருவர் சிக்கிக் கொண்டார். வழக்குச் செலவில் ஜமீனுக்குக் கடன் ஏறிற்று என்பார்கள். 1929-ல் சிங்கம்பட்டிக் காட்டில் எண்ணாயிரம் ஏக்கருக்கு மேல் பம்பாய் பர்மா கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்குப் போயிற்று. புலி உலாவிய இடத்தில் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் எழும்பியது. ஜமீன் ஒழிப்பு வந்து 1952-ல் காடு சர்க்காரைச் சேர்ந்தது. 2024-ல், குத்தகை தீர நாலு வருஷம் இருக்கும்போதே, கம்பெனியும் தோட்டத் தொழிலை நிறுத்திக் கொண்டது. தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்தவர்கள் கீழே இறங்க வேண்டியதாயிற்று. அவர்களுடைய கதை தனியாக எழுத வேண்டிய கதை.

சுதந்திரம் வந்த பிறகு வேட்டை என்ன ஆயிற்று? துரை போனார்; துப்பாக்கி போகவில்லை. உள்ளூர்ச் செல்வர்கள் ஜீப்பில் விளக்கைக் கட்டிக் கொண்டு கிளம்பினார்கள். வெளிச்சத்தில் கண் கூசி நிற்கிற மானைச் சுடுவதற்கு எந்த வீரமும் வேண்டியதில்லை. பழைய வேட்டைக்காரர்கள் காலால் நடந்தாவது காட்டைப் படித்தார்கள். 1962-ல் முண்டந்துறை புலிகள் சரணாலயமாயிற்று. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, பட்டியலில் சேர்ந்த மிருகங்களை வேட்டையாடுவதையே தடுத்தது. 1976-ல் சோலைமந்தி என்ற சிங்கவால் குரங்குக்காகக் களக்காட்டுச் சரணாலயம் ஏற்பட்டது. 1988-ல் இரண்டும் சேர்ந்து தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாயின. பரப்பு சுமார் 895 சதுர கிலோமீட்டர். நதிக்குத் தண்ணீர் தருவது இந்தக் காடுதான் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. கார் பயிரும் பிசானப் பயிரும் விளைகிற ஜனங்களுக்கு அது தெரியும்.

சட்டம் மாறியதற்கு முன்பே சிலருடைய மனம் மாறியிருந்தது. வடக்கே சாம்பியன் என்ற வன அதிகாரி, புலி நடக்கிற பாதையில் கம்பி கட்டி, அது இடறினால் தானே படம் பிடித்துக் கொள்ளும்படி காமிரா வைத்தார். அவருடைய புத்தகம் 1927-ல் வெளியாயிற்று. ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்டுப் பெயர் பெற்ற ஜிம் கார்பெட்டே பிறகு காமிராவைத் தூக்கினார். ஆனால் நமக்குப் பெருமை தரக்கூடியவர் வேறொருவர் இருக்கிறார். திருநெல்வேலிச் சீமைப் பெருங்குளத்துக்காரரான அ. மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய தகப்பனாருக்கு 1912-ல் பிறந்த இந்தப் பிள்ளை, கறுப்பு வெள்ளைப் படச் சுருளும் கைவேலையாகச் செய்து கொண்ட காமிராவுமாகக் கால்நடையாகவே யானைகளைப் பின்தொடர்ந்தார். 1950 முதல் 1996-ல் காலமாகும் வரையில் கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் விடாமல் எழுதினார். தமிழிலும் எழுதினார், அந்தக் கட்டுரைகள் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற பெயரில் புத்தகமாகியிருக்கின்றன. வீட்டில் பிள்ளைகளுக்கு அதை வாங்கிக் கொடுங்கள். வேட்டைக்காரனுக்கு வேண்டிய அத்தனை குணங்களும், அதாவது பொறுமை, காது, மூக்கு, காற்று எந்தத் திசையிலிருந்து அடிக்கிறது என்ற கவனம் இவ்வளவும் அவரிடம் இருந்தன. சுடுவதற்குப் பதில் பார்த்தார், அவ்வளவுதான்.

இத்துடன் வேட்டைக் கதை சுபமாக முடிந்துவிட்டதாக நேயர்கள் நினைக்க வேண்டாம். பன்றி இன்னும் வயலுக்கு வருகிறது. 2025-ஆம் வருஷம் ஜனவரியில் தமிழ்நாடு சர்க்கார் ஓர் ஏற்பாடு செய்தது. காப்புக் காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரையில் பிடித்துக் காட்டில் கொண்டு போய் விடலாம். மூன்றுக்கு அப்பால் வன இலாகாவினர் சுடலாம். படிக்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் பன்றி அதிகமாக வருவது எந்த வயலுக்கு? காட்டை ஒட்டிய வயலுக்கு. மலையடிவாரத்தில் அரை ஏக்கர் வைத்திருக்கிறவன் இன்றும் தகரத்தைத்தான் தட்ட வேண்டும். 1878-ல் அவனுடைய தாத்தாவுக்குத் தாத்தா தட்டிய அதே தகரம். காட்டு மிருகத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் நமக்கு அபிப்பிராய பேதம் இல்லை. அதற்கான செலவை ஊரார் எல்லாரும் பங்கு போட்டுக் கொள்ளாமல், மலையோரத்து ஏழை ஒருவன் தலையில் வைப்பதுதான் நியாயமாகப் படவில்லை. நஷ்ட ஈடு என்று ஒன்று இருக்கிறது. அதைத் தாமதமில்லாமலும், குடியானவன் பல தடவை நடக்காமலும் கொடுப்பதற்கு வழி செய்தால் பன்றிக்கும் நல்லது.

இனி ஆற்றுக்கு வருவோம். நமக்கும் ஆறுதான் அதிகப் பிரியம்.

மீன் பிடித்தலில் எத்தனையோ வகை உண்டு. வீச்சு வலை வீசுகிறவனைப் பார்த்திருப்பீர்கள். வலை வட்டமாக விரிந்து தண்ணீரில் விழும் அழகுக்காகவே நின்று பார்க்கலாம். குளம் வற்றும்போது, மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களில் ஊரே திரண்டு அடியில்லாத கூடை போன்ற ஊத்தாவைக் குத்திக் குத்தி மீன் பிடிக்கிறது. நமது ஜில்லாக் குளங்களில் மீன்பாசி ஏலம் எடுத்தவருக்கே உரிமை. இவை பிழைப்புக்கானவை. தூண்டில் என்பது வேறு. ஒரு மூங்கில் குச்சி, ஒரு நரம்பு, மிதப்பதற்கு ஒரு தக்கை, ஒரு முள், முள்ளில் ஒரு மண்புழு. மொத்த முதல் ஐம்பது ரூபாய்க்குள் அடங்கும். மீதமெல்லாம் பொறுமை.

கன்னடியன் கால்வாய்க் கரையில் அப்படி உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் நாம் பேச்சுக் கொடுத்தோம்.

"என்ன அண்ணாச்சி, ஏதாவது அகப்பட்டுதா?"

"அகப்படாம என்ன? சட்டியிலே பாருங்க, ஏழெட்டுக் கிடக்கு. எல்லாம் சிலேபி! எங்கப்பா காலத்திலே விலாங்கு கிடக்கும், வாளை கிடக்கும். கார்த்திகை மாசம்னா கெண்டை துள்ளுத சத்தத்திலே தூக்கம் வராது. இப்போ புழுவைப் போட்டா இந்தச் சனியன்தான் முதல்லே வந்து கவ்வுது."

அவர் சனியன் என்று குறிப்பிட்டது ஜிலேபிக் கெண்டையை. ஆப்பிரிக்காவில் பிறந்த இந்த மீன் 1952-ல் நமது தேசத்தில் கொண்டு வந்து விடப்பட்டது. ஏழைகளுக்கு மலிவான ஆகாரம் கிடைக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் விட்டார்கள். முட்டையையும் குஞ்சையும் தாய் தன் வாயிலேயே வைத்துக் காப்பாற்றுகிறபடியால் அதன் வம்சம் அழிவதில்லை. வருஷத்தில் பல தடவை இனம் பெருக்குகிறது. வந்த விருந்தாளி வீட்டுக்காரனையே வெளியேற்றிய கதைதான். கங்கைக் கரைக் கட்லாவும் ரோகுவும் பண்ணைக் குஞ்சுகளாக வந்து நமது குளங்களில் குடியேறிவிட்டன. சந்தையில் அவற்றுக்கு நல்ல விலை இருப்பதால் அவற்றைக் குறை சொல்வாரில்லை.

வீட்டுக்காரர்கள் யார் என்று தெரிந்து கொள்ள வேண்டாமா? விராலை எடுத்துக் கொள்ளுங்கள். விராலுக்குக் காற்று வேண்டும். சற்றைக்கொரு தரம் மேலே வந்து வாயைத் திறந்து மூடும். தூண்டில்காரன் அந்தக் குமிழியைப் பார்த்துத்தான் சிறு தவளையை முள்ளில் குத்தி அருகே போடுகிறான். குஞ்சு பொரித்த காலத்தில், செம்மண் கரைத்துவிட்டாற்போல் சிவந்த குஞ்சுக் கூட்டம் தண்ணீரின் மேலாக நகரும். கீழே தாயும் தகப்பனும் காவல். கிட்டே எது வந்தாலும் பாயும். பசியில்லாவிட்டாலும் பாயும். அந்தச் சமயத்தில் விராலைப் பிடிப்பது சுலபத்திலும் சுலபம். பிடித்துவிட்டால் அந்த நூற்றுக்கணக்கான குஞ்சுகளையும் மற்ற மீன்கள் மாலைக்குள் தின்று தீர்த்துவிடும். பழைய தூண்டில்காரர்கள் குஞ்சுக் கூட்டத்தைக் கண்டால் குச்சியைத் தூக்கிக் கொண்டு வேறிடம் போய்விடுவார்கள். அவர்களுக்கு யாரும் சட்டம் போட்டுச் சொல்லவில்லை.

விலாங்கின் சரித்திரம் இன்னும் ஆச்சரியம். அது பிறப்பது சமுத்திரத்தில். சிறு நூல் போன்ற குஞ்சாக ஆற்று முகத்தில் நுழைந்து, புன்னைக்காயலிலிருந்து எதிர்நீச்சலடித்து மேலே வருகிறது. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து அணை அணையாகத் தாண்ட வேண்டும். பல வருஷம் நல்ல தண்ணீரில் வாழ்ந்து, முட்டையிடும் காலம் வந்தால் மறுபடி சமுத்திரத்துக்கே போகிறது. சுமார் எண்பது மைல் நீளமுள்ள இந்த நதியை முழுக்க அறிந்த ஒரே பிராணி என்று அதைச் சொல்லலாம்.

மலையோரத்து வேக நீரில் வாழ்கிற மீன்களுக்கு ராஜா மஹஸீர். காசைப் போன்ற பெரிய செதில், தடித்த உதடு. பாறைக்கும் நீர்வீழ்ச்சிக்கும் அஞ்சாத பலம். கரை மரத்திலிருந்து விழும் பழத்தையும் தின்னும், நண்டையும் தின்னும். துரைமார்கள் சால்மன் மீனை மறந்து இதன் பின்னால் அலைந்தார்கள். 1946-ல் கபினி நதியில் வான் இங்கன் என்பவர் பிடித்த மஹஸீர் 120 பவுண்டு நிறை இருந்தது. அந்தக் காவேரி மஹஸீருக்கு இப்போது 'ரேமாதேவி' என்று சாஸ்திரப் பெயர். அது ஒரு மீனியல் நிபுணரின் பெயர். களக்காட்டு ஓடைகளில் பாறையை உதட்டால் பற்றிக் கொண்டு வாழும் ஒரு சிறு மீனை 1993-ல் உலகத்துக்கு அறிவித்தவர் அவரே. தாமிரபரணியின் பெயரையே தாங்கிய கெண்டை ஒன்றும் உண்டு, ஈ. ஜி. சைலஸ் என்ற விஞ்ஞானி 1954-ல் அதை விவரித்தார். கையகலம் கூட இல்லாத மீன். முதுகுத் துடுப்பில் நீண்ட இழைகள். உலகத்தில் வேறெந்த நதியிலும் இயற்கையாக அது கிடையாது. நமது நதியில் அது போய்விட்டால் போனதுதான்.

மீன்களுக்கு வந்த ஆபத்துக்களை முதலில் உரத்துச் சொன்னவர் ஒரு துரை என்பதை மறைக்க வேண்டியதில்லை. சென்னை ராஜதானி ஸிவில் உத்தியோகஸ்தரான ஹென்றி ஸல்லிவன் தாமஸ் 1873-ல் இந்தியத் தூண்டில் வித்தை பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். பொழுது போக்குப் புத்தகந்தான். ஆனால் நஞ்சு கலப்பதாலும் கொசுவலை போன்ற கண்ணுள்ள வலையாலும் குஞ்சு மீன்கள் எப்படி அழிகின்றன என்று அவர் விடாமல் எடுத்துக் காட்டினார். பிரான்ஸிஸ் டே என்ற வைத்தியர் தேசமெங்கும் விசாரித்து அறிக்கை கொடுத்தார். கடைசியாக 1897-ல் இந்திய மீன் வளச் சட்டம் வந்தது. வெடி வைத்தோ நஞ்சிட்டோ மீன் பிடித்தால் 2 மாதம் வரையில் சிறை, அல்லது 200 ரூபாய் வரையில் அபராதம் என்று அது விதித்தது.

வெடி என்ன செய்கிறது என்று தெரிந்தால்தான் இதன் அவசியம் விளங்கும். தண்ணீருக்குள் வெடிக்கும் மருந்தின் அதிர்ச்சி மீனின் வயிற்றிலுள்ள காற்றுப் பையைக் கிழித்துவிடுகிறது. பெரிய மீன் மிதக்கும். அதை எடுத்துக் கொள்கிறார்கள். அதைப் போல் பல மடங்கு மீன் அடியில் அமிழ்ந்து அழுகும். குஞ்சும் முட்டையும் புழுவும் ஒன்றும் மிஞ்சா. மடுவே வெறும் தண்ணீராகிவிடும். தூண்டில் ஒரு மீனோடு பேச்சு வார்த்தை நடத்துகிறது. வெடி மடுவையே கொள்ளையடிக்கிறது.

ஆனால் சட்டம் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே பாபநாசம் படித்துறையில் வேறொரு சட்டம் அமலில் இருந்தது. கோவிலுக்கு முன்னால் ஆற்றில் பெரிய பெரிய மீன்கள் கூட்டம் கூட்டமாக வந்து நிற்கும். யாத்திரிகர்கள் பொரி போடுவார்கள். குழந்தைகளின் கால் விரலை மீன் முத்தமிட்டுப் போகும்; குழந்தை கத்தும். அந்த மீனை யாரும் பிடிப்பதில்லை. சிறைக்குப் பயந்து அல்ல. இம்மாதிரிக் கோவில் மடுக்கள் தென்னாடெங்கும் இருந்தன. பெரிய மீன் பிழைத்திருந்து முட்டையிட ஓர் இடம் இருந்தால், அதன் குஞ்சுகள் ஆறு முழுவதும் பரவும். இப்போது மேல்நாட்டு நிபுணர்கள் மீன் சரணாலயம் என்று எழுதுகிற காரியம் இதுதான்.

அந்தப் படித்துறைக்குத்தான் இன்று வேறு விதமான சோதனை. பாவத்தையும் தோஷத்தையும் கழிக்க வருகிறவர்கள் உடுத்தியிருந்த துணியை அவிழ்த்து ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். துணி பாறையில் சிக்கிக் கிழிகிறது, மக்குவதில்லை. தொண்டர்கள் இறங்கி வண்டி வண்டியாக அள்ளியிருக்கிறார்கள். விவகாரம் ஹைகோர்ட் வரையில் போயிருக்கிறது. எந்த சாஸ்திரத்தில் நைலான் புடவையைத் தாமிரபரணியில் விடச் சொல்லியிருக்கிறது என்று நாம் விசாரித்துப் பார்த்தோம். யாரும் சொல்லவில்லை. இதற்கு மேல் ஊர்ச் சாக்கடைகளும் வயல்களிலிருந்து வடியும் பூச்சி மருந்தும். அணைகளையும் சொல்ல வேண்டும். 1942-ல் கட்டி முடிந்த காரையாற்று அணையால் மின்சாரம் கிடைத்தது, கோடையில் நீர் கிடைத்தது. நாம் அதற்கு விரோதிகள் அல்ல. ஆனால் ஆனி மாதத்து முதல் வெள்ளத்தில் மேலே ஏறி முட்டையிடும் மீனுக்கு அந்தச் சுவரில் வாசல் இல்லை.

காட்டிலே வாழும் காணிக்காரர்களை இங்கே மறந்துவிடக் கூடாது. மயிலாறு, சேர்வலாறு, இஞ்சிக்குழி முதலிய இடங்களில் இருக்கும் இவர்கள்தான் பொதிகையின் பழைய குடிகள். கிழங்கும் தேனும் வேட்டையும் மீனும் இவர்களுடைய ஜீவனமாயிருந்தன. 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தைப் படித்தால் ஒரு விசேஷம் தெரியும். வேட்டையாடும் பாரம்பரிய உரிமையை அது இவர்களுக்கு ஒப்புக் கொள்ளவில்லை; நீர்நிலையில் மீன் பிடிக்கும் உரிமையை ஒப்புக் கொள்கிறது. துப்பாக்கிக்கும் தூண்டிலுக்கும் நடுவே தேசமே ஒரு கோடு போட்டிருக்கிறது. அந்தக் கோடு சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது என்பது நமது அபிப்பிராயம். ஆனால் சட்டப் புத்தகத்தில் உள்ள உரிமை காட்டுச் சாவடியையும் தாண்டி மயிலாறு வரையில் போய்ச் சேர வேண்டும்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. "மீன் பிடிக்கும் பாவத்தை எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறீர்களா?" என்று சைவ உணவுக் குடும்பத்தார் கேட்பது நியாயமே. பிடித்ததைத் தின்ன வேண்டும் என்று யார் சொன்னார்கள்? கொக்கி முனையைத் தேய்த்து மழுக்கி, கையை நனைத்துக் கொண்டு மீனை எடுத்து, உடனே தண்ணீரில் விடுகிறவர்கள் உண்டு. வறண்ட கையால் பிடித்தால் மீனின் மேலுள்ள வழவழப்பு போய்ப் பூஞ்சை பிடித்து அது செத்துப் போகும். ஆகையால்தான் கையை நனைப்பது. அதுவும் வேண்டாமென்றால் தூண்டிலே வேண்டாம்; கரையில் உட்கார்ந்து நீர்நாய்க் குடும்பம் மீன் பிடிப்பதைப் பார்க்கலாம். அதிருஷ்டமிருந்தால் தாமிரபரணியில் இன்றும் அந்தக் காட்சி கிடைக்கும். ஒரு வாரம் ஆற்றங்கரையில் உட்கார்ந்த பையன், தண்ணீர் நிறம் மாறினால் ஏன் என்று கேட்பான். ஆற்றையே பார்க்காத பையன் கேட்கமாட்டான்.

ஆனால் ஆற்றை விளையாட்டாக நினைக்கக் கூடாது. வ. வே. ஸு. ஐயர் 1922-ல் தமிழ்க் குருகுலத்தைத் தொடங்கியது கல்லிடைக்குறிச்சியில்தான். பிறகுதான் அது சேரமாதேவிக்குப் போயிற்று. அங்கே எழுந்த சமபந்திப் போஜன விவகாரம் நேயர்கள் அறிந்தது. இங்கே அது நமக்கு விஷயமல்ல. பிள்ளைகள் திறந்த வெளியில் உடலைப் பழக்க வேண்டும் என்பதில் ஐயர் உறுதியாயிருந்தார். 1925-ஆம் வருஷம் ஜூன் மாதம் மாணவர்களையும் குழந்தைகளையும் அழைத்துக் கொண்டு பாபநாசத்துக்கு மேலுள்ள அருவிக்குப் போனார். புதல்வி சுபத்திரை வெள்ளத்தில் விழுந்தாள். காப்பாற்றக் குதித்த ஐயரும் போனார். லண்டனிலும் பாரிஸிலும் போலீஸ் கண்ணுக்குத் தப்பியவர், துப்பாக்கி வித்தையில் கைதேர்ந்தவர், இந்த நதியிடம் தப்பவில்லை. வழுக்குப் பாறையும், மேலே மழை பெய்தால் நிமிஷத்தில் ஏறும் வெள்ளமும் நூறு வருஷத்துக்குப் பிறகும் அப்படியேதான் இருக்கின்றன. 2023 டிசம்பரில் நதி என்ன செய்தது என்பதைக் கரையோர ஊர்களில் கேட்டால் சொல்வார்கள்.

போய்ப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: பாபநாசத்துக்கு மேலே போக வன இலாகாவின் சோதனைச் சாவடியில் பெயர் கொடுக்க வேண்டும், சில நாட்களில் வழியை அடைத்திருப்பார்கள், முன்கூட்டி விசாரித்துக் கொள்வது நல்லது. காப்பகத்துக்குள் தூண்டில் கொண்டு போக இடமில்லை. மணிமுத்தாறில் சர்க்கார் மீன் பண்ணை இருக்கிறது. கிழக்கே சிறிது தூரத்தில் திருப்புடைமருதூர், கடனாநதி கலக்குமிடம். கோவிலைச் சுற்றிய மருத மரங்களில் கொக்கும் நாரையும் கூடு கட்டுகின்றன. ஊரார் விருப்பத்தின் பேரில் 2005-ல் அதைப் பறவைகள் காப்பிடமாக அறிவித்தார்கள். கூந்தன்குளத்துக் கிராமத்தாரைப் போலவே இந்த ஊராரும் பறவைக்காகச் சில சௌகரியங்களை விட்டுக் கொடுத்தவர்கள். தை, மாசி மாதங்களில் மாலை ஐந்து மணிக்கு மேல் போனால், மரத்தடியில் குடை பிடித்துக் கொண்டு நிற்பது உசிதம், மழைக்காக அல்ல.